ராசியான மூடி

மலையடிவாரத்து ஊர் ஒன்றில் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. அதன் பெட்ரோல் டாங்க்குக்கு ஒரு மூடி இருந்தது. ஆனால் அந்த மூடி அந்தக் காருடையது அல்ல.

காரின் சொந்தக்காரன் சுருளிவேல். வாடகைக்கு ஓட்டுகிறவன். கெட்டிக்கார ஓட்டுநர்தான், நல்ல மனிதன்தான். போனை எடுத்துப் பேச ஆரம்பித்துவிட்டால் மட்டும் தன் தலை தன் கழுத்தில் இருக்கிறதா என்பதுகூட அவனுக்கு மறந்துபோகும். ஒரு நாள் பெட்ரோல் பங்க்கில் மூடியைத் திருகி எடுத்துக் காரின் கூரைமேல் வைத்தான். பெட்ரோல் போட்டாயிற்று. யாரோடோ பேசிக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூடி எந்த வளைவில் விழுந்ததோ, எந்தப் பள்ளத்தில் உருண்டதோ, அதைச் சுமந்துபோன கூரைக்கே தெரியாது.

மெக்கானிக் காஜா தன் கடையில் கிடந்த பழைய சாமான்களையெல்லாம் கிளறினான். உடைத்து விற்ற ஒரு சரக்கு வேனின் மூடி கிடைத்தது. திருகிப் பார்த்தான். மூன்று சுற்று ஏற வேண்டிய மரை ஒரு சுற்றோடு நின்றுவிட்டது, அதுவும் கோணலாக. காஜா யோசிக்கவே இல்லை. ஒரு பால் பாக்கெட் உறையைக் கிழித்து மூடியின் மரைமேல் சுற்றினான், அழுத்தித் திருகினான், உள்ளங்கையால் ஒரு குத்து விட்டான். மூடி நின்றது.

"ரெண்டு நாளைக்குச் சமாளிங்கண்ணே. சரியான மூடிய தேனியில இருந்து வரவச்சுத் தாரேன்" என்றான்.

மூடியும் அதைக் கேட்டுக்கொண்டது. தான் இரண்டு நாள் விருந்தாளி என்று அதற்குத் தெரியும். அதில் அதற்கு வருத்தமும் இல்லை.

ஆனால் அந்த இரண்டு நாளுக்குள் மதுரை விமான நிலையத்துக்கு ஒரு சவாரி வந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கிய குடும்பம் அதே காரை ஒரு வாரத்துக்கு வைத்துக்கொண்டது. அவர்கள் போனதும் முகூர்த்த மாதம் பிறந்தது. கல்யாணக்காரர்கள் வரிசை கட்டினார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் சுருளிவேல் காக்கையைத்தான் பார்த்தான், பழம் பழுத்திருந்ததைப் பார்க்கவில்லை.

"எல்லாம் இந்த மூடி வந்த நேரம்" என்று கார் ஸ்டாண்டில் ஒருவர் விடாமல் சொன்னான்.

சவாரிகளுக்கு நடுவே கார் ஊரில் நின்ற ஒரு நாள் காஜா சரியான மூடியோடு வந்து நின்றான். சுருளிவேல் இரண்டு கையாலும் அவனைத் தடுத்தான்.

"இருக்கட்டும் காஜா. ராசியா ஓடிக்கிட்டிருக்கு. அதுல கைய வைக்காத."

காஜா தலையைச் சொறிந்துகொண்டு திரும்பிப் போனான். சரியான மூடி அவன் கடை மேசை டிராயருக்குள் போயிற்று.

அடுத்த மாதமே ஆயுத பூஜை வந்தது. சுருளிவேல் சக்கரங்களுக்குப் பொட்டு வைத்தான், ஸ்டியரிங்குக்கு வைத்தான், ஹாரனுக்கு வைத்தான். மூடிக்கு மட்டும் சந்தனத்தைக் குழைத்து அப்பி, நடுவில் பெரிதாகக் குங்குமம் வைத்தான். ஸ்டாண்டுக்காரர்கள் போகிற வருகிற நேரமெல்லாம் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். மூடிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பொட்டு வைத்தாயிற்று, இனி நான் விருந்தாளி இல்லை, இந்த வீட்டு ஆள் என்று நினைத்துக்கொண்டது.

மலை ஏறியபோதுதான் தெரிந்தது. கார் மூக்கை உயர்த்தி ஏறியதும் டாங்க்கில் இருந்த பெட்ரோல் பின்னால் சாய்ந்து கழுத்துவரை வந்தது. மூடி பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தது. ஆனால் பிடிக்க மரை இல்லை. ஓரத்தில் ஒரு சொட்டு இறங்கியது. பிறகு இன்னொன்று.

"கசிகிறது" என்றது டாங்க். அதற்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது.

"எங்கேதான் கசியவில்லை?" என்றது பால் உறை. பாலோடு பழகியதாலோ என்னவோ, அதற்கு எப்போதும் இனிக்கிற பேச்சு. "நான் ஊறிக்கொள்கிறேன். வெளியே தெரியாது."

"வெளியே தெரியாவிட்டால் கசியவில்லை என்று ஆகிவிடுமா?"

"அடேயப்பா, உனக்கு வயிற்றெரிச்சல். இத்தனை வருஷத்தில் உன்னை யாராவது தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்களா? மூடியைப் பார். ஊரே கும்பிடுகிறது."

டாங்க் சொன்னது நிஜம் என்று மூடிக்குத் தெரியும். உறை சொன்னது பிடித்திருந்தது.

வீட்டில் ஒரு மூக்கு மட்டும் ஏமாறவில்லை. அது சுருளிவேலின் மனைவி ராமுத்தாயின் மூக்கு. பக்கத்துத் தெருவில் கடுகு தாளித்தால் எந்த எண்ணெய் என்று சொல்லிவிடுவாள்.

"ஏங்க, பின் சீட்டுல உக்காந்தா ஒரே பெட்ரோல் வாடை. எங்கம்மா வீட்டுக்குப் போய்ட்டு வந்த சேலைய ரெண்டு தரம் அலசியும் போகல. அந்த மூடிய மாத்துங்க."

"பெட்ரோல் வண்டில பெட்ரோல் வாடை அடிக்காம, பின்ன மல்லியப்பூ வாடையா அடிக்கும்?"

"மலையேறுறப்ப சனம் வாந்தி எடுக்குதே, அதுவும் இதாலதான்."

"அது வளைவுக்கு எடுக்குறது."

"சரியான மூடி காஜாகிட்டக் கெடக்குல்ல? எடுத்துட்டு வந்து போட எத்தன நேரம் ஆகும்?"

"நேரமா புள்ள பெரிசு? இது வந்த பெறகுதான வண்டி நிக்காம ஓடுது. வீட்டுக்கு வந்த ராசிய யாராச்சும் கழட்டி வைப்பாங்களா?"

"ராசி ராசின்னு ஒரு நாளைக்கு நம்மளக் கழட்டி வச்சிரப் போகுது" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள்.

மூடி அதைக் கேட்டது. அதற்குச் சுருக்கென்றது. யாரும் தன்னைப் பற்றி அப்படிப் பேசியதில்லை. அன்று அது ஒரு முடிவு எடுத்தது. இனி ஒரு சொட்டுகூட விடுவதில்லை. இவள் மூக்குக்கு எட்டாதபடி இறுக்கிப் பிடித்துக் காட்டுகிறேன் என்று சூளுரைத்துக்கொண்டது.

சும்மா சொல்லக் கூடாது, பிடித்தது. மேட்டிலும் பள்ளத்திலும் உடம்பையெல்லாம் முறுக்கிக்கொண்டு மாதக்கணக்கில் பிடித்தது. அதில் அதன் மரைதான் தேய்ந்தது, கசிவு நிற்கவில்லை. ஐப்பசி மழையில் தண்ணீர் வேறு உள்ளே இறங்கி, எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நடுவழியில் படுத்துக்கொண்டது. சுருளிவேல் அதற்கும் எஞ்சினைத்தான் திட்டினான்.

ஒரு நாள் மூடி மனம் விட்டு டாங்க்கிடம் கேட்டது.

"நான் அவ்வளவு மோசமான மூடியா?"

"யார் சொன்னது?" என்றது டாங்க். "உன் முயற்சியில் குறையே இல்லை. ஆனால் உன் மரை வேறு, என் மரை வேறு. நீ எங்கேயோ ஓர் இடத்துக்கு நல்ல மூடி. இங்கே இல்லை."

"பொட்டு வைத்தார்களே."

"பொட்டுக்கு மரை தெரியுமா?"

பால் உறை வழியெல்லாம் மூடிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டே வந்தது.

மறுபடியும் ஆயுத பூஜை வந்தது. நல்ல நாளில் டாங்க் காலியாக இருக்கக் கூடாது என்று சுருளிவேல் முந்தின நாளே கழுத்துமுட்டப் பெட்ரோல் நிரப்பிக் கொண்டுவந்தான். காலையில் காரைக் கழுவி வாசலில் நிறுத்தினான். அந்தத் தெரு சாக்கடைப் பக்கமாகச் சரிந்த தெரு. காரின் பின்பக்கத்து இடது ஓரம், மூடி இருக்கிற ஓரம், தாழ்ந்து நின்றது. முன்னால் வாழைக்கன்று கட்டினான். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தான். பொரி, சுண்டல், பழம் எல்லாம் தயாரானபோது வெயில் ஏறி, காரின் தகரம் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

டாங்க் திணறியது. "சூட்டில் பெட்ரோல் உப்புகிறது. மூச்சு முட்டுகிறது" என்றது.

ஓரத்தில் சொட்டு இறங்கத் தொடங்கியது. ஒன்று இரண்டு என்று எண்ணுகிற மாதிரி இல்லை, கோடாக இறங்கியது. மூடிக்குக் கீழே தரையில் ஈரம் பரவியது. கழுவின தண்ணீர் என்று சுருளிவேல் நினைத்தான். ராமுத்தாய்க்கு வாடை தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு இரண்டு நாளாக ஜலதோஷம். அந்த வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த ஒரே மூக்கும் அன்று அடைத்துக் கிடந்தது.

"முன்னாடி இருந்து ஆரம்பிச்சுச் சுத்தி வா" என்றான் சுருளிவேல். "மூடிக்கிட்ட வந்ததும் கிட்டக் கொண்டுபோய்த் தனியா மூணு சுத்துக் காட்டு. நமக்குச் சோறு போடுறதே அதுதான்."

ராமுத்தாய் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினாள். சூடம் குப்பென்று எழுந்தது.

மூடி அந்தச் சுடரைப் பார்த்துவிட்டது.

"சூடமே, இந்தப் பக்கம் வராதே" என்று கத்தியது.

"வருவதும் போவதும் என் கையில் இல்லை. அவள் கையில்" என்றது சூடம். "கிட்டே இருப்பதைப் பிடிப்பது மட்டும்தான் என் வேலை. இது சாமி, இது பெட்ரோல் என்று பிரித்துப் பார்க்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை."

தட்டு வாழைக்கன்றுக்கு முன்னால் மூன்று முறை சுற்றியது. பிறகு விளக்குகளுக்கு வந்தது.

"இன்னும் பிடித்துப் பார்" என்றது பால் உறை. "ஒரு வருஷம் ஒன்றும் ஆகவில்லை. இன்றைக்கு மட்டும் என்ன ஆகிவிடும்? பத்தே அடி தூரத்தில் உனக்கு மரியாதை வந்துகொண்டிருக்கிறது."

"கேள்" என்றது டாங்க். "நான் உள்ளேயிருந்து தள்ளுகிறேன். நீ பிடியை விட்டால் தெறித்து விழுவாய். விழுந்தால் நானும் கொட்டுவேன். அவள் பக்கத்தில் வந்த பிறகு விழுந்தாயோ, அதைவிடக் கேடு வேறு இல்லை. விழுவதானால் அவள் அங்கே நிற்கும்போதே விழு."

"பொட்டு வைத்த நாளிலா?" உறை அலறியது. "ராசியான மூடி நல்ல நாளில் தரையில் உருண்டது என்று ஊர் பேசட்டும் என்கிறாயா? ஒரு வருஷப் பெயர் ஒரு நிமிஷத்தில் போய்விடும்!"

தட்டு முன்பக்கக் கதவுக்கு வந்தது. காற்றுக்குச் சூடம் அணைந்துவிடாமல் ராமுத்தாய் ஒரு கையை மறைவாக வைத்துக்கொண்டாள். அவளுடைய முந்தானை தட்டுக்குப் பக்கத்திலேயே ஆடிக்கொண்டிருந்தது.

மூடி அவளைப் பார்த்தது. ஒரு வருஷமாகத் தன்னைக் கழற்றச் சொல்லிக்கொண்டிருந்தவள். ஊரே கும்பிட்டபோது தன்னைப் பற்றி உண்மை பேசிய ஒரே ஆள். இவளுக்கு ஒன்று ஆனால், பொட்டு மிஞ்சி என்ன, பெயர் மிஞ்சி என்ன? மூடிக்கு அந்தப் பெயர்மேல் அருவருப்பே வந்துவிட்டது.

"தள்ளு" என்றது டாங்க்கிடம்.

"யோசித்துச் சொல்!" என்றது உறை.

"ஒரு வருஷமாக யோசித்தாயிற்று. தள்ளு."

டாங்க் தள்ளியது. மூடி பிடியை விட்டது. உறை கடைசிவரை இழுத்துப் பார்த்துக் கிழிந்தது. டப்பென்று ஒரு சத்தம். மூடி தெறித்துத் தரையில் விழுந்து, சந்தனமும் குங்குமமுமாக உருண்டு ஓடியது. அதன் பின்னாலேயே பெட்ரோல் குபுகுபுவென்று கொட்டி, சரிவில் சாக்கடையைப் பார்த்து ஓடியது.

"ஐயையோ, மூடி!" என்று சுருளிவேல் மூடியைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

ராமுத்தாய் மூடியைப் பார்க்கவில்லை. ஓடுகிற பெட்ரோலைப் பார்த்தாள். தன் கையில் எரிகிற தட்டைப் பார்த்தாள். வாசற்படியில் கார் கழுவின வாளி பாதித் தண்ணீரோடு இருந்தது. இரண்டே எட்டில் அதனிடம் போய்த் தட்டோடு முக்கினாள். சூடம் சுர்ரென்று அணைந்தது.

எரிகிற சூடத்தை ஊதி அணைத்தாலே குடும்பத்துக்கு ஆகாது என்பார்கள். இவள் பூஜை நடுவில் தண்ணீரில் முக்கிவிட்டாள். சுருளிவேல் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டான்.

"அடிப்பாவி! நல்ல நாளும் அதுவுமாச் சூடத்த அணைச்சுட்டியே! வெளங்குமா?"

"அணைஞ்சது சூடந்தான. நான் அணையலையே" என்றாள் ராமுத்தாய்.

சுருளிவேல் பெட்ரோல் ஓடிய தடத்தைப் பார்த்தான். தடம் மூடி இருந்த இடத்தில்தான் தொடங்கியது, அவன் தனியாக மூன்று சுற்றுக் காட்டச் சொன்ன இடத்தில். ஒரு நொடி அவன் முகம் வெளுத்தது. ஆனால் ஒரு வருஷ நம்பிக்கை ஒரு நொடியில் போய்விடுமா? மூடியைத் துண்டில் துடைத்தான்.

"வெயிலுக்குக் கெளம்பிருக்கு. அவ்வளவுதான். இன்னைக்குப் பால் கவரு இருக்கும் பாரு, அத எடுத்துட்டு வா. இன்னுங் கொஞ்சம் இறுக்கிச் சுத்திப் போட்டுருவோம். சாயங்காலம் சவாரி இருக்கு."

அவள் நகரவில்லை. அவனே உள்ளே போய் ஒரு புது உறையைக் கொண்டுவந்து சுற்றினான். புது உறையும் இனிக்க இனிக்கத்தான் பேசியது.

"போனது போகட்டும் மூடியாரே. நாம் இரண்டு பேரும் சேர்ந்தால் இன்னும் ஒரு வருஷம் ஓட்டிவிடலாம்."

"மாட்டேன்" என்றது மூடி.

சுருளிவேல் திருகினான். மூடி அவன் கையோடு சுற்றியது, டாங்க்கைப் பிடிக்கவில்லை. அழுத்தித் திருகினான். அதற்கும் பிடிக்கவில்லை. உள்ளங்கையால் குத்தினான். கையை எடுத்ததும் மூடி அவன் உள்ளங்கைக்கே வந்து விழுந்தது. எத்தனை தரம் போட்டாலும் அத்தனை தரமும் வந்து விழுந்தது. ஒரு வருஷம் பிடித்துப் பிடித்துத் தேய்ந்த மூடிக்கு, விடுவதற்கும் அவ்வளவு பலம் வேண்டியிருந்தது.

"என்ன கருமம் இது, ஒரு வருசம் நின்ன மூடி..." என்று முணுமுணுத்தான் சுருளிவேல். நெற்றியில் வேர்த்துவிட்டது.

ராமுத்தாய் கார்க் கதவைத் திறந்து சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"காஜாவுக்குப் போன் போடுங்க. அந்த மூடி வந்து பூட்டுனாத்தான் சாவி."

"சவாரி..."

"சவாரி போனாப் போகட்டும். ஏறுறவுங்களும் நம்மள மாதிரி சனந்தான. நீங்களும் இப்படியே இதுல ஏறப் போறதில்ல."

அவள் குரலைக் கேட்டதும் இதற்குமேல் பேசிப் பயனில்லை என்று சுருளிவேலுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்தான். அவள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றித் தெருவைக் கழுவிவிட்டாள்.

காஜா பைக்கில் வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டுக் காதைப் பொத்திக்கொண்டான்.

"ஒரு வருசமா டிராயரத் தொறக்குறப்பல்லாம் இந்த மூடி என்னயப் பாத்துக்கிட்டே கெடக்குண்ணே. நானாச்சும் கட்டாயப்படுத்திப் போட்டு விட்டுருக்கணும்."

சரியான மூடியைப் பொருத்தித் திருகினான். ஒன்று, இரண்டு, மூன்று. நின்றது. காஜா ஓரத்தில் விரலைத் தடவி முகர்ந்து பார்த்தான். ஒன்றுமில்லை.

"நான் புதிது. இங்கே எனக்கு என்ன வேலை?" என்று அந்த மூடி டாங்க்கிடம் கேட்டது.

"பெரிதாக ஒன்றுமில்லை. உன்னைப் பற்றி யாரும் பேச வேண்டிய அவசியம் வராமல் பார்த்துக்கொள்" என்றது டாங்க்.

சுருளிவேல் மட்டும் பழைய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே பயம் இருந்தது. அந்தப் பயத்தை எங்கேயாவது இறக்கிவைக்க வேண்டியிருந்தது.

"ஒரு வருசம் ராசியா இருந்துட்டுப் பூஜை அன்னைக்குக் கால வாரிருச்சு பாரு காஜா. சூடத்த அணைய வச்ச சனியன்!" என்று சாக்கடையில் விட்டெறிந்தான்.

மூடி சேற்றில் பாதி புதைந்து நின்றது. சந்தனமும் குங்குமமும் தண்ணீரில் கரைந்து போயின. கிழிந்த பால் உறையும் தெருக் கழுவின தண்ணீரோடு வந்து பக்கத்தில் ஒதுங்கியிருந்தது. அதன் பேச்சில் இப்போது இனிப்பு இல்லை.

"வருஷம் முழுக்கக் கசிந்தாய், கும்பிட்டான். ஒரே ஒரு தடவை காப்பாற்றினாய், சனியன் என்று சாக்கடையில் எறிந்தான். இப்படி விழுந்ததில் உனக்கு என்ன கிடைத்தது, சொல்!"

"கொஞ்சம் சும்மா இரு" என்றது மூடி. "கிடைத்தது அதோ பேசுகிறது, கேட்க விடு."

மேலே வாசலில் ராமுத்தாய் சுருளிவேலைத் திட்டிக்கொண்டிருந்தாள். தெருக்கோடி வரைக்கும் கேட்டது.